தூண்டிலைத் தொடுமுன்: காவிரி மாசீரும் தொடக்கநிலையாளர் பாடமும்

மைசூருவின் வடமேற்கு விளிம்பில் உள்ள ஹெப்பாள் இன்று தொழிற்பேட்டைக்கும் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகத்துக்கும் பெயர்பெற்ற பகுதி. அதன் பழைய அடையாளம் ஏரி. கழிவுநீர் கலந்து சீரழிந்திருந்த அந்த ஏரி, இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் பொருளுதவியுடன் அண்மைக் காலத்தில் மீட்டெடுக்கப்பட்டது. ஹெப்பாளுக்கு அருகே செல்லும் சாலையில் வடக்கே சிறிது தொலைவு போனால் கண்ணம்பாடியில் காவிரியை மறித்து நிற்கும் கிருஷ்ணராஜசாகர் அணை வந்துவிடும். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் பேராறு. இந்த இரண்டுக்கும் தனித்தனியே தூண்டில் நூல் எழுதிய ஓர் ஆங்கில அதிகாரி 19ஆம் நூற்றாண்டில் இருந்தார். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பது அவர் பெயர். ஆற்றுக்கு ‘தி ராட் இன் இந்தியா’ (1873). ஏரிக்கும் குளத்துக்கும் ‘டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா’ (1887). தென்னிந்திய நீர்நிலைகளில் தூண்டில் பிடிக்க வரும் புதியவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவை எவை என்னும் கேள்வி, அச்சில் ஏறிச் சற்றேறக்குறைய 150 ஆண்டுகள் ஆகின்றன.

வழிகாட்டியுடன் செல்லும் தூண்டில் பயணங்களை நடத்துவோர் இன்றும் புதியவர்களுக்கு ஒரு பட்டியல் தருவதுண்டு. தொப்பி, கண்ணாடி, வழுக்காத காலணி, இத்தனை அடி நீளக் கோல், இத்தனை எடை தாங்கும் கயிறு என்று அது நீளும். பட்டியல் பயனுள்ளதே. ஆனால் அத்தகைய பட்டியல்கள் காலந்தோறும் மாறிவந்துள்ளன. ஒரு காலத்தில் மீனை எப்படிப் பிடிப்பது என்பதே பாடம். பின்பு எவ்வளவு பெரிய மீனைப் பிடிப்பது என்பதாயிற்று. அதன்பின் எப்படி உயிரோடு விடுவது என்பதாயிற்று. மூன்று கட்டங்களிலும் விடுபட்டுப்போன ஒரு கேள்வி உண்டு. கையில் இருப்பது எந்த மீன்? காவிரியின் மிகப் புகழ்பெற்ற மீனுக்கு உரிய அறிவியல் பெயர் 2018 வரை தெளிவாகவில்லை. அது தெளிவானபோது அந்த மீன் அழிவின் விளிம்பில் நின்றது.

முதலில் கருவியை விளங்கிக்கொள்வது நல்லது. ஏரிக்கரையில் நாம் காணும் தூண்டிலில் தக்கை, ஈயக்குண்டு, முள், முள்ளில் கோத்த மண்புழு ஆகியவை உண்டு. எறியும்போது குண்டின் எடையே தங்கூசியை இழுத்துச் செல்கிறது. ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் பூச்சித் தூண்டிலில் இம்முறை தலைகீழாகிறது. முள்ளின்மேல் இறகும் மயிரும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிக்கு எடை ஏதும் இல்லை. எடை முழுதும் கயிற்றில் இருக்கிறது. கோலைப் பின்னும் முன்னுமாக வீச, அது வளைந்து நிமிரும் விசையில் கயிறு வளையமாக விரிந்து செல்கிறது. அதன் முனையில் கட்டிய மெல்லிய நரம்பு, பூச்சியை ஓசையின்றி நீரின்மேல் இறக்குகிறது. புதியவர்கள் தோளின் வலிமையால் எறிய முயன்று தோற்பது இதனால்தான். பின்வீச்சில் கயிறு முழுதும் விரியும்வரை ஒரு நொடி பொறுப்பதே முதற் பயிற்சி.

கோலின் இந்த விசை தமிழ் மரபு அறியாதது அன்று. யானை வளைத்துப் பின் கைவிட்ட மூங்கில் விசைத்தெழுவதை, மீன் சிக்கியதும் விருட்டென்று உயரும் தூண்டிற்கோலுக்கு ஒப்பிட்ட குறுந்தொகைப் புலவருக்கு அந்த உவமையே பெயராகி நின்றது. மீனெறி தூண்டிலார் என்று அவரை அழைக்கிறோம். பொய்ப்பூச்சி பற்றிய பழைய செய்தியோ வேறொரு நிலத்திலிருந்து வருகிறது. மக்கெதோனியாவில் செந்நிறக் கம்பளி நூலும் சேவல் இறகும் சுற்றிய முள்ளால் மீன் பிடித்ததைப் பொ.ஆ. 200ஐ ஒட்டி வாழ்ந்த உரோமை எழுத்தாளர் ஈலியன் குறித்துவைத்தார். குளிர்ந்த, தெளிந்த, விரைந்தோடும் நீர். நீர்ப்பரப்பில் பூச்சி தேடும் மீன். இவ்விரண்டும் உள்ள இடத்தில் பிறந்த கலை அது.

தாமஸ் மதராஸ் குடிமைப் பணியைச் சேர்ந்தவர். தென் கன்னட மாவட்டத்தில் பணியாற்றியபோது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளை அறிந்தார். அவரது முதல் நூல் வெளிவந்த இடம் மங்களூர். விளையாட்டாக மீன்பிடிப்பது எப்படி என்பதற்கான குறிப்புகள் என்று நூலின் துணைத்தலைப்பே அறிவிக்கிறது. புதிதாகக் கப்பலிறங்கிய படைவீரருக்கும் அதிகாரிக்கும் எழுதப்பட்ட கையேடு அது. பிரித்தானியத் தூண்டிற்காரர் தலையில் வைத்துக் கொண்டாடிய சால்மன் மீனைவிட இந்திய மாசீர் கடுமையாகப் போராடும் என்பது அவர் அளித்த உறுதி. பூச்சி, கரண்டி, உயிர்மீன் இரை என ஒவ்வொன்றையும் எப்போது, எந்த நீரில் பயன்படுத்துவது என்று அவர் விளக்கினார்.

நூலின் மறுபக்கமும் கவனத்துக்குரியது. குஞ்சுகள் தப்ப முடியாத சிறுகண் வலை, நீரில் கலக்கும் நஞ்சு, மீனின் வலசையைத் தடுக்கும் அணைக்கட்டு ஆகியவை ஆறுகளை வெறுமையாக்கும் என்று தாமஸ் தொடர்ந்து வாதிட்டார். அவரைப் போன்றோரும் மீன்வள ஆய்வாளர் பிரான்சிஸ் டேயும் எழுப்பிய குரலின் விளைவுகளுள் ஒன்று 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். வெடிமருந்தும் நஞ்சும் இட்டு மீன்பிடிப்பதை அது குற்றமாக்கியது. எனினும் அந்தப் பாதுகாப்புச் சொல்லாடலில் ஒரு சாய்வு இருந்தது. கூடும் கண்ணியும் வலையும் வைத்து உணவுக்குப் பிடிக்கும் ஆற்றோர மக்கள் அழிப்போராகவும், கோல் பிடித்து விளையாட்டுக்குப் பிடிக்கும் அதிகாரிகள் காப்போராகவும் அதில் தோன்றினர். மீன் எங்கே கிடக்கும், எந்த மடு எந்த மாதம் நிறையும் என்று துரைகளுக்குக் காட்டியவர்கள் முன்சொன்ன மக்களே. கையேடுகளில் அவர்கள் பெரும்பாலும் பெயரின்றியே வருகிறார்கள். வழிகாட்டி என்னும் தொழிலின் தொடக்கம் இந்தப் பெயரின்மையில் இருக்கிறது.

பூச்சி கட்டுவதற்கும் தென்னிந்தியாவுக்கும் உள்ள உறவு பலர் அறியாதது. நம் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகுப் பூச்சுப் போன்ற பளபளக்கும் வெண்மஞ்சள் புள்ளிகள் உண்டு. நீரில் நனைந்தாலும் மங்காத அந்தப் புள்ளி, பொய்ப்பூச்சிக்குக் கண்போல் அமைகிறது. பிரித்தானியாவின் சால்மன் பூச்சிகளுக்காக இக்கோழியின் கழுத்துத் தோல்கள் கப்பலேறின. பின்னர் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது. பழம்பாணிப் பூச்சிகளைக் காதலிக்கும் புதியவர் ஒருவர், அந்தச் சிறு இறகு எங்கிருந்து வந்தது என்று கேட்டறிவதும் பாடத்தின் பகுதியே.

கருவி வந்தது, கலை வந்தது, ஆனால் டிரவுட் மீன் இங்கே இல்லை. ஆகவே மீனையும் கொண்டுவந்தார்கள். இலங்கையில் நுவரெலியாவின் ஓடைகளில் 1880களில் டிரவுட் விடப்பட்டது. காஷ்மீரில் 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகள் பலன் தந்தன. நீலகிரியில் 1860களில் பிரான்சிஸ் டே மேற்கொண்ட முயற்சி தோற்றது. 1877இல் தோன்றிய நீலகிரி வேட்டைச் சங்கமும், 1879இல் மதராஸ் அரசு இயற்றிய நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும் உதகை மேட்டுநிலத்தை ஒரு வேட்டைக்களமாக வரையறுத்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் அரசின் மீன்வளர்ப்பு வல்லுநராக அமர்ந்த எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். பழுப்பு டிரவுட் நிலைக்கவில்லை. வடஅமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் நிலைபெற்றது. தென்னிந்தியாவில் பூச்சித் தூண்டிலுக்குச் செவ்வியல் களம் என்றால் இன்றும் நீலகிரியையும் மூணாறையும் சுட்டுவதன் காரணம் இதுவே.

அன்றைய நோக்கில் இது வெற்றுநீரை நிரப்பிய அறச்செயல். ஓடைகளில் ஏற்கெனவே வாழ்ந்த சிறுமீன்களும் தவளைகளும் நீர்ப்பூச்சிகளும் கணக்கில் வரவில்லை. கோலுக்கு ஏற்ற மீனைக் கண்டம் தாண்டிக் கொண்டுவருவது இயல்பான செயலாகக் கருதப்பட்டது. இந்த மனப்போக்கு பின்னர் காவிரிக்கும் வந்து சேர்ந்தது.

மைசூரு அரசில் நிலைமை வேறு. இங்கு இறக்குமதி தேவைப்படவில்லை. காவிரியிலும் கபினியிலும் இருந்த மாசீர், உலகத் தூண்டிற்காரர் கனவில் வரும் அளவுக்குப் பெரியது. 1919இல் ரிவெட்-கார்னாக் என்னும் படை அதிகாரி காவிரியில் 119 பவுண்டு எடையுள்ள மீனைப் பிடித்தார். 1946இல் மைசூருவைச் சேர்ந்த டி வெட் வான் இங்கென் 120 பவுண்டு மீனைக் கரையேற்றினார். ஏறத்தாழ 54 கிலோ. கோலில் பிடிபட்ட மாசீர்களில் மிகப் பெரியது என்று இன்றும் குறிக்கப்படுவது அதுவே. வான் இங்கென் குடும்பம் மைசூருவில் நடத்திய பாடம்செய்யும் தொழிலகம் உலகப் புகழ்பெற்றது. மன்னர்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் சுட்ட புலி, சிறுத்தைகளின் தோல்கள் இங்கு வந்து உயிருள்ளவை போன்ற உருவங்களாகத் திரும்பின. பெருமீனைப் பிடித்தவரும் வேட்டை உருவம் செய்தவரும் ஒரே வீட்டில் இருந்தது தற்செயல் அன்று. அக்காலம் மீனையும் சுவரில் தொங்கும் வெற்றிச் சின்னமாகவே பார்த்தது. பதிவேட்டில் எடை இருந்தது, நீளம் இருந்தது, பிடித்தவர் பெயர் இருந்தது. இனம் எது என்று நுணுகிக் கேட்கும் தேவை எவருக்கும் எழவில்லை.

அதே காலத்தில் ஆறும் மாறியது. கண்ணம்பாடி அணையின் பணி 1911இல் தொடங்கி 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. மாண்டியாவின் வயல்களுக்கு நீர் தந்த அந்த அணை, பருவமழைப் பெருக்கில் முட்டையிட மேல்நோக்கிச் செல்லும் மீன்களுக்குச் சுவரானது. தாமஸ் எச்சரித்த மூன்றில் ஒன்று மிகப் பெரிய அளவில் நிறைவேறியது. விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெடிவைத்து மீன்பிடிப்பதும் பரவியது. காவிரியின் பெருமீன்கள் மறைந்துவிட்டன என்றே பலரும் எண்ணினர்.

1972இல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்தியக் காட்டுயிர்ச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்குப் பெற்றுக் காவல் ஏற்படுத்தியது. 1970களின் பிற்பகுதியில் பிரித்தானியாவிலிருந்து மாசீரைத் தேடி வந்த ஒரு சிறு குழு காவிரியில் பெருமீன்களைக் கண்டதும் உலகின் பார்வை மீண்டும் இங்கே திரும்பியது. சிவனசமுத்திரத்துக்குக் கீழே, மேகதாட்டுவை நோக்கி ஆறு காட்டுக்குள் நுழையும் பகுதியில் பீமேஸ்வரி, தொட்டமாக்களி, காலிபோர் முகாம்கள் அமைந்தன. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் அவற்றை நடத்தியது. பிடித்த மீனை எடைபார்த்து, குறிப்பெழுதி, உயிரோடு ஆற்றில் விடுவது அங்கே விதி.

வழிகாட்டிகளாக அமர்ந்தவர்கள் ஆற்றோர ஊர்களின் மக்கள். வலையாலும் வெடியாலும் முன்பு அதே ஆற்றில் பிழைத்தவர்களும் அவர்களில் இருந்தனர். பரிசலை எந்தப் பாறைக்கு இடையே செலுத்துவது, மீன் கயிற்றைப் பாறையில் சுற்றினால் எப்படி அவிழ்ப்பது, மணல்திட்டில் கிடப்பது மரக்கட்டையா முதலையா, மாலையில் யானை நீர் அருந்த இறங்கும் துறை எது என்பவற்றை எந்தக் கையேடும் சொல்லித்தரவில்லை. அம்முகாம்களில் பெயர்பெற்ற இரையும் ஆங்கிலப் பூச்சி அன்று. நன்கு பிசைந்து வேகவைத்த கேழ்வரகுக் களி உருண்டை அது. கலங்கிய பெருநீரில் மணத்தைத் தேடிவரும் மீனுக்கு அதுவே பொருந்தியது. பூச்சித் தூண்டிலோடு காவிரிக்கு வந்த புதியவர் முதல் நாளிலேயே கற்க வேண்டியிருந்தது ஒன்றுதான்: இந்த ஆற்றில் ஆசான் யார் என்பது.

இக்காலத்தில்தான், காப்பதற்கென்றே செய்த ஒரு செயல் பெருந்தவறாக முடிந்தது. மகாராட்டிரத்தில் லோனாவாலாவில் டாட்டா மின் நிறுவனங்கள் நடத்திய பொரிப்பகம், மாசீரைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்வதில் 1970களிலிருந்து முன்னோடியாக விளங்கியது. அங்கே வளர்க்கப்பட்டது கிருஷ்ணா ஆற்று அமைப்புக்கு உரிய நீலத்துடுப்பு மாசீர், டோர் குட்ரீ. 1839இல் சைக்ஸ் விவரித்த இனம் அது. அருகிவரும் இனமாகக் கருதப்பட்டதால் அதன் குஞ்சுகளைப் பல மாநிலங்களின் நீர்நிலைகளில் விடுவது நற்பணியாயிற்று. காவிரியிலும் விட்டார்கள். மாசீர் குறைகிறது, மாசீரை விடுகிறோம் என்னும் எளிய கணக்கு அது. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இரு வேறு இனங்கள் ஒளிந்திருந்தன.

காவிரிக்கே உரிய பெருமீன், தலைக்குப் பின்னால் முதுகு மேடாக எழும் திமில் மாசீர். செம்மஞ்சள் துடுப்பு அதற்கு அடையாளம். வரலாற்றுப் பதிவுகளில் உள்ள காவிரியின் மாபெரும் மீன்கள் இவ்வினத்தைச் சேர்ந்தவையே என்று ஆய்வாளர்கள் கொள்கின்றனர். ஆய்வாளர் ஏட்ரியன் பிண்டரும் ராஜீவ் ராகவனும் பிறரும் காலிபோர் முகாமின் குறிப்பேடுகளை எடுத்து ஆராய்ந்தனர். 1998 முதல் 2012 வரை 23,620 மணிநேரத் தூண்டில் உழைப்பு. பிடித்து விடப்பட்ட மாசீர்கள் 6,161. எடை 1 பவுண்டு முதல் 104 பவுண்டு வரை. மொத்தத்தில் பார்த்தால் மீன் பெருகியிருந்தது. இனம் பிரித்துப் பார்த்தபோது பெருகியது நீலத்துடுப்பு மட்டுமே என்பது தெரிந்தது. திமில் மாசீரின் எண்ணிக்கை சரிந்திருந்தது. சிக்கிய சிலவும் முதிர்ந்த பெருமீன்கள். இளமீன்கள் வரவில்லை. ஓர் இனம் இனப்பெருக்கத்தில் தோற்றுக்கொண்டிருப்பதன் அறிகுறி அது. 2015இல் வெளியான இந்த ஆய்வுகள், திமில் மாசீர் அழிவை நோக்கி நீந்துகிறதா என்னும் கேள்வியை முன்வைத்தன.

அப்போதும் அந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர் இல்லை. பெயரில்லாத இனத்தைப் பன்னாட்டுச் செம்பட்டியலில் முறையாக மதிப்பிடவும் இயலாது. விடை வந்தது தமிழ்நாட்டின் ஓர் ஆற்றிலிருந்து. நீலகிரியின் வடக்குச் சரிவில் முதுமலையைத் தொட்டு ஓடிப் பவானியில் கலக்கும் மாயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்த குழு, 2018இல் தன் முடிவை வெளியிட்டது. கேரளத்தின் சின்னாறு காட்டுயிர்க் காப்பகத்தில் ஓடி அமராவதியில் சேரும் பாம்பாற்றிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவி என்னும் மீனும், காவிரியின் திமில் மாசீரும் ஒரே இனம். பாம்பாற்றில் கிடைத்த சிறுமீனுக்கும் காவிரியின் அசுர மீனுக்கும் ஒரே பெயர். அதே ஆண்டில் அது மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனமாகச் செம்பட்டியலில் சேர்ந்தது. பிழைத்து நிற்கும் கூட்டத்தை மாயாற்றிலேயே ஆய்வாளர்கள் நம்பிக்கையோடு சுட்டினர்.

சட்டமும் இதற்குள் குறுக்கே வந்திருந்தது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதன் வரையறைக்குள் பிடித்தலும் அடங்கும். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் விலங்கு என்பதன் வரையறையில் மீனும் இடம்பெற்றது. பீமேஸ்வரி முதலிய முகாம்கள் இருந்தது 1987இல் அறிவிக்கப்பட்ட காவிரி காட்டுயிர்க் காப்பகத்தில். ஆகவே பிடித்து விடுவதும் அங்கே கூடாது என்னும் நிலை வந்து, 2012ஐ ஒட்டித் தூண்டில் நின்றது. இதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தூண்டிற்காரர் தந்த வருவாயும் அவர்களின் இருப்பும் ஆற்றுக்குக் காவலாக இருந்தன, அவை நீங்கியதும் வெடிவைப்போருக்கு வழி திறந்தது என்பது ஒரு தரப்பு. காப்பகம் என்பது எவருடைய பொழுதுபோக்குக்கும் உரிய இடமன்று, விடுவதற்காகப் பிடித்தாலும் மீனுக்குத் துன்பமே என்பது மறுதரப்பு. இரண்டு வாதங்களையும் ஒருமிக்க மனத்தில் நிறுத்திக்கொண்டே இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். தடை சட்டத்தின் சொற்படி சரியானது. ஆயினும் ஆற்றின் நிலையைப் பதினைந்து ஆண்டுகள் அன்றாடம் எழுதிவைத்த ஒரே ஏடும் அதனோடு மூடப்பட்டது.

இந்த வரலாற்றிலிருந்து, வழிகாட்டியோடு முதன்முறை ஆற்றுக்குச் செல்பவர் எடுத்துச்செல்லத் தக்கவை சில உண்டு.

முதலாவது, இடத்தின் சட்டநிலை. காப்பகம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றின் எல்லைக்குள் தூண்டில் குற்றமாகலாம். வெளியே என்றால் மாநில மீன்வளத் துறையின் அனுமதியோ குத்தகைதாரரின் சீட்டோ தேவை. பயணம் நடத்துபவர் கூறுவதை மட்டும் நம்பாமல் அனுமதித் தாளைப் பார்க்கக் கேட்பது தவறாகாது. காவிரியோரத்தில் ராமநாதபுரா, துங்கையோரத்தில் சிருங்கேரி போன்ற கோயில் துறைகளில் மீன் பிடிப்பதே இல்லை. சட்டம் தோன்றுமுன் அங்கே மரபு மீனைக் காத்தது. அம்மரபை மதிப்பதும் அறிய வேண்டிய விதிகளுள் ஒன்று.

இரண்டாவது, மீனின் இனம். அந்த ஆற்றுக்கு உரியது எது, வெளியிலிருந்து வந்தது எது என்று முன்பே கேட்டறிய வேண்டும். நீலகிரி ஓடையில் டிரவுட் விருந்தாளி. காவிரியில் நீலத்துடுப்பும் விருந்தாளி. ‘ஒரு மாசீர் பிடித்தேன்’ என்னும் வாக்கியம் ஆய்வுக்கு உதவாது. துடுப்பின் நிறமும் முதுகின் வடிவும் தெரியும்படி, நீரை ஒட்டி எடுத்த ஒரு படமும், இடமும் நாளும் உதவும்.

மூன்றாவது, விடும் முறை. நெடுநேரம் போராடிய மீனின் தசைகளில் இலாக்டிக் அமிலம் சேர்கிறது. வெப்பமான நீரில் உயிர்வளி குறைவு, மீள்வதும் கடினம். ஆகையால் மீனின் வலிமைக்கு ஏற்ற கோலும் கயிறும் கொண்டு விரைவில் கரைக்குக் கொணர வேண்டும். முள்ளின் எதிர்முனையை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. உலர்ந்த கையால் தொட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பான காப்புப் படலம் சிதையும். கையை நனைத்த பின்பே தொட வேண்டும். கண்ணியில் கோத்துத் தூக்கிப் படமெடுப்பது பழைய வெற்றிச்சின்னக் காலத்தின் எச்சம். மீனை நீரோட்டத்தை எதிர்நோக்கித் தாங்கிப் பிடித்து, அது தானாகவே கையைவிட்டு நீங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

நான்காவது, வழிகாட்டியின் சொல். எறியும் கலையை எவரும் புல்வெளியில் பழகிக்கொள்ளலாம். ஹெப்பாளில் ஒரு வெற்று மைதானம் போதும். பூச்சிக்குப் பதில் நுனியில் கம்பளி நூல் கட்டிப் பழகலாம். அணையிலிருந்து நீர் திறந்தால் ஆறு எவ்வளவு நேரத்தில் ஏறும், எந்தக் கரையில் நிற்கலாகாது என்பவற்றை அந்த ஊரில் பிறந்தவரே அறிவார். அவர் போகலாம் என்றால் போவது, திரும்பலாம் என்றால் திரும்புவது; இதில் வாதம் கூடாது. அவரது பெயரையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கடந்த நூற்றாண்டின் கையேடுகள் செய்யத் தவறியது அது.

ஐந்தாவது, குறிப்பேடு. மீன் சிக்காத நாளையும் எழுதுவது. எத்தனை மணிநேரம் நின்றும் ஒன்றும் வரவில்லை என்பதும் ஆய்வுக்குத் தரவே. காலிபோரின் 23,620 மணிநேரத்தில் வெறுங்கையோடு திரும்பிய மணிநேரங்களும் உண்டு. அவற்றையும் யாரோ சோம்பாமல் எழுதிவைத்ததால்தான், மீன் மொத்தத்தில் பெருகிய ஆண்டுகளில் ஓர் இனம் மட்டும் குறைந்துவந்தது வெளிப்பட்டது.

தாமஸின் இரு நூல்களும் எவ்வகை முள், எவ்வகைப் பூச்சி என்று நுணுக்கமாகப் பேசின. அவர் காலத்தில் திமில் மாசீர் ஏராளம். அதன் பெயரைப் பற்றிக் கவலைப்பட எவருக்கும் காரணம் இல்லை. இன்று ஹெப்பாள் ஏரிக்கரையிலிருந்து ஆற்றை நோக்கிப் புறப்படும் மாணவர் ஒருவருக்கு அந்தக் கவலை முதற்பாடமாகிறது. கண்ணம்பாடிக்குக் கீழே ஓடும் நீரில் அந்த மீன் இன்னும் எங்கேனும் முட்டையிடுகிறதா என்னும் கேள்விக்கு, இனி கிடைக்கப்போகும் விடையின் ஒரு பகுதி, அவர் இன்று எழுதும் குறிப்பில் இருக்கக்கூடும்.